சோதிக்கத் தவறிய முன்னோடி: டேனியல் டேவிட் பால்மர்

ஆண்டு மலர் என்றாலே வெற்றி பெற்ற பெரியோரின் வரலாறுகள் இடம்பெறுவது வழக்கம். அவர்தம் வாழ்க்கை நமக்கு வழிகாட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாதி வழியில் நின்றுபோன ஒருவரின் வாழ்க்கையும் நமக்கு ஆசிரியனாக இருக்கக்கூடும். அத்தகைய ஒருவரைப் பற்றியே இக்கட்டுரையில் எழுத விரும்புகிறேன். அவர் பெயர் டேனியல் டேவிட் பால்மர். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரிசெய்து நோய் தீர்க்கும் கைரோபிராக்டிக் என்னும் முறையைத் தோற்றுவித்தவர் அவரே.

நான் விலங்கியல் மாணவன். முதுகெலும்பிகளின் நரம்பு மண்டலத்தைப் பற்றிய பாடத்தின்போது மூளை நரம்புகள் பன்னிரண்டையும் வரிசையாக ஒப்பிக்கக் கற்றுக்கொண்டேன். அவற்றுள் எட்டாவது செவி நரம்பு. அது உட்செவியிலிருந்து மண்டையோட்டுக்குள்ளேயே சென்று மூளையை அடைகிறது; முதுகெலும்பின் பக்கம் அது செல்வதேயில்லை. இதை அறிந்த பின்னர்தான் பால்மரின் வரலாறு என் கைக்குக் கிடைத்தது. முதுகெலும்பு ஒன்றைத் தள்ளிச் செவிடர் ஒருவருக்குக் காது கேட்கச் செய்தார் என்பதே அவ்வரலாற்றின் தொடக்கம். படித்தவுடன் சிரித்தேன். முழுவதும் படித்து முடித்தபோது என் சிரிப்பு அடங்கிவிட்டது. ஏன் அடங்கியது என்பதை இறுதியில் கூறுகிறேன்.

இளமையும் அலைச்சலும்

பால்மர் 1845ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் கனடாவில், டொராண்டோ நகருக்கு அருகில் பிறந்தார். எளிய குடும்பம். பள்ளிப் படிப்பு அவருக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. 1865இல், அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த ஆண்டில், தம் தம்பியுடன் எல்லையைக் கடந்து அமெரிக்க ஐக்கிய நாட்டிற்கு வந்து சேர்ந்தார்.

அங்கு அவர் செய்யாத தொழில் இல்லை எனலாம். கிராமப் பள்ளிகளில் ஆசிரியராக இருந்தார். தேனீ வளர்த்தார். ராஸ்ப்பெரிச் செடிகளைப் பயிரிட்டு நாற்று விற்றார். மளிகைக் கடை வைத்தார், தங்கமீன் விற்றார். எதிலும் அவர் மனம் நிலைக்கவில்லை. எனினும் நூல்களை விடாது படித்தார். முறையான கல்வி கிடைக்காத பலரிடம் காணப்படும் அடங்காத அறிவுப்பசி அவரிடமும் இருந்தது.

நாற்பது வயதை ஒட்டி அவர் காந்த மருத்துவத்தில் இறங்கினார். காந்தம் என்ற பெயரைக் கண்டு இரும்பை இழுக்கும் காந்தத்தை எண்ணிவிடக் கூடாது. மருத்துவரின் உடலிலிருந்து ஒருவகை ஆற்றல் கைவழியே நோயாளிக்குப் பாய்கிறது என்ற நம்பிக்கையில் நடந்த மருத்துவம் அது. 1887இல் அயோவா மாநிலத்தின் டேவன்போர்ட் நகரில் குடியேறி, ஒன்பது ஆண்டுகள் இத்தொழிலை நடத்தினார். நோயாளிகள் திரளாக வந்தனர். ஆனால் பால்மரை ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருந்தது. ஒரே உணவை உண்டு, ஒரே இடத்தில் உழைக்கும் இருவரில் ஒருவருக்கு மட்டும் நோய் வருவதேன்? இது அறிவியல் மாணவன் எவனும் கேட்க வேண்டிய கேள்வியே. கேள்வி கேட்டதில் அவர் எவருக்கும் குறைந்தவரல்லர்.

ஒரு நாளும் இரு கதைகளும்

பால்மரின் மருத்துவமனை இருந்த கட்டடத்தில் துப்புரவுப் பணி செய்துவந்தவர் ஹார்வி லில்லார்டு என்னும் கறுப்பினத்தவர். அவருக்குப் பதினேழு ஆண்டுகளாகக் காது சரியாகக் கேட்கவில்லை. குனிந்து வேலை செய்தபோது முதுகில் ஏதோ பிசகியதாகவும், அதன்பின் செவித்திறன் போயிற்று என்றும் அவர் கூறினாராம். பால்மர் அவர் முதுகைத் தடவிப் பார்த்தார். முள்ளெலும்பு ஒன்று புடைத்து நிற்பதாகக் கண்டார். அதைக் கையால் அழுத்தித் தள்ளினார். லில்லார்டுக்குக் காது கேட்கலாயிற்று. 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் இது நடந்ததாக அத்துறையினர் கொண்டாடுகின்றனர்.

ஆனால் லில்லார்டின் பெயரில் 1897இல் அச்சான நற்சான்று, அவருக்குச் சிகிச்சை நடந்தது முந்தைய சனவரியில் என்கிறது. அவருடைய மகள் பிற்காலத்தில் சொன்ன கதையோ வேறு. லில்லார்டு நண்பர் ஒருவருக்கு வேடிக்கைக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டு மகிழ்ந்த பால்மர், கையிலிருந்த புத்தகத்தால் அவர் முதுகில் விளையாட்டாகத் தட்டினார். சில நாள் கழித்துக் காது சற்றே நன்றாகக் கேட்பதாக லில்லார்டு கூறினார். இதுவே அக்கதை.

எது உண்மை? இன்று எவராலும் கூற இயலாது. அன்று எவரும் அளந்து பார்க்கவில்லை. அளக்கக் கருவி இல்லையா என்றால், இருந்தது. நாம் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் தட்டி ஒலியெழுப்பும் இசைக்கவையைக் கொண்டே செவித்திறனைச் சோதிக்கும் முறைகளை, செருமனியில் வெபர் 1834இலும் ரின்னே 1855இலும் வெளியிட்டிருந்தனர். சிகிச்சைக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை, ஒரு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை இசைக்கவையை வைத்துப் பார்த்து, நாள் குறித்து எழுதி வைத்திருந்தால் போதும். கேட்பதற்குக் கடிகாரம் ஒன்றை எத்தனை அடி தூரத்தில் வைத்தோம் என்றாவது குறித்திருக்கலாம். பால்மருக்குக் கை இருந்தது, ஆர்வம் இருந்தது, குறித்து வைக்க வேண்டும் என்று கற்றுத்தர ஆள் இல்லை.

இரண்டிலிருந்து தொண்ணூற்றைந்து

லில்லார்டுக்குப் பின் இதயக் கோளாறு உள்ள ஒருவர் வந்தார். அவருக்கும் முதுகெலும்பைத் தள்ளிக் குணம் கண்டதாகப் பால்மர் எழுதியுள்ளார். செவிடும் இதய நோயும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. இவ்விரண்டும் முள்ளெலும்பு நரம்பை நெருக்குவதால் வருமாயின், மற்ற நோய்களும் அப்படித்தானே வரவேண்டும் என்று அவர் எண்ணமிட்டார். இறுதியில் நோய்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இடம் பெயர்ந்த முள்ளெலும்புகளால் வருபவை, எஞ்சிய ஐந்து பிற மூட்டுகளின் பிசகால் வருபவை என்று அறுதியிட்டார். இரண்டு நோயாளிகளில் தொடங்கிய எண்ணம் எல்லா நோய்களையும் அளாவிவிட்டது! புள்ளியியல் படிக்கும் நண்பர்கள் இந்த இடத்தில் தலையில் கை வைத்துக்கொள்வர்.

சாமுவேல் வீடு என்னும் சமயகுரு ஒருவர் இம்முறைக்குப் பெயர் சூட்டினார். கை என்றும் செயல் என்றும் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு 1896இல் கைரோபிராக்டிக் என்ற பெயர் பிறந்தது. முதலில் பால்மர் இக்கலையை மறைத்தே வைத்திருந்தார். 1897இல் ஒரு ரயில் விபத்தில் சாவின் விளிம்புவரை சென்று மீண்டதால், கலை தம்மோடு மறைந்துவிடக் கூடாதென்று கற்பிக்கத் துணிந்தார் என்பர். டேவன்போர்ட்டில் அவருடைய பள்ளி எழுந்தது. தொடக்கத்தில் மாணவர் மிகச் சிலரே. அவர்களுள் முன்பே மருத்துவப் பட்டம் பெற்ற சிலரும் இருந்தனர். பால்மரின் மகன் பார்ட்லெட் ஜோசுவா 1902இல் அங்குப் பட்டம் பெற்றார்.

சிறையும் பிரிவும்

உரிமமின்றி மருத்துவம் செய்ததாகப் பால்மர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 1906இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்து, 350 டாலர் அபராதம் அல்லது 105 நாள் சிறை என்றது. கொள்கைக்காகச் சிறையே மேல் என்று அவர் உள்ளே போனார். 23 நாள் கழித்து அபராதத்தைச் செலுத்தி வெளியே வந்தார். அவர் மனவுறுதியை நாம் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் சிறை செல்வதால் ஒரு கொள்கையின் வலிமை விளங்கலாம். அதன் உண்மை விளங்காது.

அடுத்த ஆண்டு விசுகான்சின் மாநிலத்தின் லாகுரோசு நகரில் ஒரு வழக்கு நடந்தது. பால்மர் பள்ளியில் பயின்ற சேகதாரோ மோரிகுபோ என்னும் சப்பானியர், உரிமமின்றி ஆசுட்டியோபதி என்னும் வேறொரு கைமருத்துவத்தைச் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். கைரோபிராக்டிக்கின் தத்துவமே வேறு என்று வழக்கறிஞர் வாதாடினார்; மோரிகுபோ விடுதலை பெற்றார். இதை வெற்றி என்று அனைவரும் கொண்டாடினர். எனக்கோ இது பெரும் சரிவின் தொடக்கமாகத் தோன்றுகிறது. தத்துவத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவரைச் சட்டம் காப்பாற்றிற்று. அத்தத்துவத்தை ஐயுற்று ஆராய்பவன் அத்தொழிலுக்குப் பகைவனாகக் காணப்பட்டான். வழக்கில் வெல்லும் வழியும் உண்மையைக் காணும் வழியும் அங்கே பிரிந்துவிட்டன.

சிறையிலிருந்து மீண்ட பால்மர் பள்ளியைத் தம் மகனுக்கு விற்றார். தந்தைக்கும் மகனுக்கும் இடையே கசப்பு வளர்ந்தது. ஓக்லகோமாவுக்குச் சென்றார், ஓரிகான் மாநிலத்தின் போர்ட்லண்டில் மீண்டும் ஒரு பள்ளி தொடங்கினார். 1910இல் ஏறத்தாழ ஆயிரம் பக்கங்கள் கொண்ட பெருநூல் ஒன்றை வெளியிட்டார். உடலுக்குள் உறையும் பிறவி அறிவு ஒன்று நரம்புகளின் வழியே உடலை ஆள்கிறது என்பது அந்நூலின் உயிர்க்கொள்கை. தடுப்பூசியை அவர் கடுமையாக எதிர்த்தார். பிற்காலத்தில் தம் முறையை ஒரு சமயமாக அறிவித்தால் சட்டத்தின் பிடியிலிருந்து தப்பலாமா என்றும் எண்ணிப் பார்த்தார். அறிவியல் என்று தொடங்கியது எங்கே வந்து நின்றது பாருங்கள்!

1913ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள் லாசு ஏஞ்செல்சு நகரில் டைபாய்டு காய்ச்சலால் அவர் காலமானார். அதே ஆண்டு ஆகசுட்டில் டேவன்போர்ட்டில் நடந்த ஊர்வலத்தில் மகனின் கார் அவர்மீது மோதியதாக ஒரு பழி எழுந்தது. மகன் அதை மறுத்தார். குற்றச்சாட்டு விசாரணைக்கு நிற்கவில்லை. அவர் மறைந்த அந்த 1913இலேயே கான்சசு மாநிலம் கைரோபிராக்டர்களுக்கு உரிமம் வழங்கும் முதல் சட்டத்தை இயற்றியது. கடைசி மாநிலமாக லூசியானா சட்டம் இயற்ற 1974 வரை ஆயிற்று.

அவருக்குக் கிட்டாத கல்வி

பால்மரின் காலத்தில் ஆய்வுப் பயிற்சி என்பதே இல்லையோ என்று நான் தேடிப் பார்த்தேன். 1876இல் பால்டிமோரில் தொடங்கிய ஜான்சு ஆப்கின்சு பல்கலைக்கழகம், பட்டம் பெற்றவர்கள் ஆராய்ச்சி செய்ய உதவித்தொகைகளைத் தொடக்கத்திலேயே அளித்தது. அங்கு மருத்துவப் பள்ளி திறந்தது 1893இல்; லில்லார்டு நிகழ்ச்சிக்கு இரண்டே ஆண்டுகள் முன்பு. முனைவர் பட்டம் பெற்றவர்கள் மேலும் ஆராய்வதற்கான தேசிய உதவித்தொகை அமெரிக்காவில் 1919இல் தொடங்கியது. முதலில் இயற்பியலுக்கும் வேதியியலுக்கும், பின்னர் மருத்துவத்திற்கும். 1930இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று தேசிய நலவாழ்வு நிறுவனத்திற்கு அப்பெயரைத் தந்து, ஆய்வு உதவித்தொகைக்கும் வழி வகுத்தது. கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. அவ்வழியே கைரோபிராக்டர்கள் நெடுங்காலம் நுழையவில்லை.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. கைரோபிராக்டர் பெறுவதும் டாக்டர் பட்டமே. ஆனால் அது தொழில் செய்வதற்கான பட்டம். நோயாளியை எப்படித் தொடுவது, எங்கே அழுத்துவது என்று அது கற்பிக்கும். அழுத்தியதால்தான் குணமாயிற்றா, தானே குணமாயிற்றா என்று பிரித்தறியும் வித்தை தனி. ஒப்பீட்டுக் குழுவை அமைப்பது, சீட்டுக் குலுக்குவதுபோல நோயாளிகளைக் குழுக்களில் சேர்ப்பது, யார் எந்தச் சிகிச்சை பெற்றார் என்று அறியாதவரைக் கொண்டு அளப்பது, புள்ளியியல் கணக்கிடுவது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும். இதைத் தேர்ந்த வழிகாட்டி ஒருவரின் கீழ்ப் பல ஆண்டுகள் இருந்துதான் கற்க இயலும். பட்டத்திற்குப் பின் தொடங்கும் இப்படிப்பையே பட்டமேல் ஆய்வுப் பயிற்சி என்கிறோம்.

கைரோபிராக்டிக் கல்லூரிகளில் பெரும்பாலானவை தனியார் கல்லூரிகள். பல்கலைக்கழகங்களோடு தொடர்பற்று நின்றவை. ஆய்வு செய்பவரே இல்லாத இடத்தில் ஆய்வுக்கு வழிகாட்டி எப்படிக் கிடைப்பார்? வழிகாட்டி இல்லாததால் ஆய்வாளர் உருவாகவில்லை. ஆய்வாளர் உருவாகாததால் பல்கலைக்கழகங்கள் அவர்களை மதிக்கவில்லை. புளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கைரோபிராக்டிக் பள்ளி தொடங்கும் முயற்சி, பேராசிரியர்களின் எதிர்ப்புக்குப்பின் 2005இல் மாநிலக் கல்வி ஆளுநர் குழுவால் மறுக்கப்பட்டது. இது முட்டையும் கோழியும் போன்ற சிக்கல்.

திறந்த கதவு

இச்சிக்கல் மெல்ல அவிழலாயிற்று. 1975இல் தேசிய நலவாழ்வு நிறுவனம் மருத்துவர்கள், ஆசுட்டியோபதியர், கைரோபிராக்டர்கள், அடிப்படை அறிவியலார் அனைவரையும் ஒரே மாநாட்டில் அமரவைத்தது. முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் முறைக்கு ஆதரவாகவோ எதிராகவோ போதிய ஆய்வுச் சான்று இல்லை என்பதே அங்குக் கண்ட முடிவு. லில்லார்டு நிகழ்ச்சி நடந்து எண்பது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த விடை, ஒன்றும் தெரியாது என்பதே! ஆனால் தெரியாது என்று ஒப்புக்கொண்ட நாளில்தான் அறிவியல் அங்கே நுழைந்தது.

அதன்பின் கைரோபிராக்டர்களுள் சிலர் பல்கலைக்கழகங்களில் சேர்ந்து முனைவர் பட்டம் பெற்றனர். தேசிய நலவாழ்வு நிறுவனம், வழிகாட்டியின் கீழ்ப் பயிலும் இளம் ஆய்வாளர்களுக்குத் தரும் நிதியைக் கைரோபிராக்டர்களும் பெறலாயினர். அத்தகைய நிதி பெறுபவர் தம் வேலை நேரத்தில் முக்கால் பங்கையேனும் ஆய்வுக்கு ஒதுக்குவது பொது விதி. மருத்துவமனை வருவாயை விட்டுவிட்டுக் கல்விக்கடனையும் சுமந்துகொண்டு மறுபடி மாணவராக அமர்வது எளிதன்று. ஆயினும் அமர்ந்தனர். டென்மார்க்கில் ஓடென்சே நகரப் பல்கலைக்கழகம் 1994இல் கைரோபிராக்டிக் மாணவர்களை மருத்துவ மாணவர்களோடு ஒரே வகுப்பில் அமர்த்திற்று. 2017இல் டென்மார்க், கனடா, ஆசுத்திரேலியா ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இளங்கைரோபிராக்டர்களை ஆய்வுத் தலைமைக்குப் பயிற்றும் திட்டம் ஒன்றைத் தொடங்கினர்.

இப்பயிற்சியின் பயன் என்ன? 2018இல் அமெரிக்கப் படைவீரர் 750 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்றைக் கைரோபிராக்டரும் முனைவருமான ஒருவர் தலைமையேற்று நடத்தினார். வழக்கமான மருத்துவத்தோடு கைரோபிராக்டிக்கும் சேர்ந்தபோது இடுப்புவலி கூடுதலாகக் குறைந்தது என்று கண்டனர். 2017இல் 26 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கிய கட்டுரை, புதிதாக வந்த இடுப்புவலியில் கைச்சிகிச்சையால் ஓரளவு நன்மை உண்டு என்றது. தொண்ணூற்றைந்து விழுக்காடு அன்று, ஓரளவு. அந்த ஓரளவு என்ற சொல்லுக்குத்தான் நூறாண்டு உழைப்பு தேவைப்பட்டது.

இதைவிட என் மனத்தைத் தொட்டது மற்றோர் ஆய்வு. பால்மர் பிறந்த கனடாவில் ஆசுத்துமா உள்ள குழந்தைகளிடம் உண்மையான கைரோபிராக்டிக் சிகிச்சையையும் பொய்யான பாவனைச் சிகிச்சையையும் ஒப்பிட்டனர். 80 குழந்தைகளின் முடிவுகள் கணக்கிடப்பட்டன. 1998இல் வெளியான அம்முடிவு, கூடுதல் பயன் எதுவும் இல்லை என்றது. அவ்வாய்வில் கைரோபிராக்டர்களும் பங்கேற்றிருந்தனர். தம் தொழிலின் கொள்கையைத் தாமே சோதித்து, பயனில்லை என்று அச்சிட்டுத் தந்த அவர்களே, என் கருத்தில், பால்மருக்கு வாய்க்காத கல்வியைப் பெற்றவர்கள்.

என் சிரிப்பு அடங்கியது ஏன்?

இப்போது தொடக்கத்தில் சொன்னதற்கு வருகிறேன். பால்மரைப் பார்த்துச் சிரித்த நான், என் செய்முறைப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். தவளையின் இதயத்துடிப்பு பற்றிய சோதனையில் எனக்குக் கிடைத்த எண்கள் ஒன்று. நான் எழுதியிருந்த எண்கள் வேறு. முந்தைய ஆண்டு மாணவரின் பதிவேட்டில் இருந்த எண்கள் அழகாக ஏறுமுகமாக இருந்தன, அவற்றையே பார்த்தெழுதிவிட்டேன். வரவேண்டிய விடை எனக்கு முன்பே தெரிந்திருந்தது. வந்த விடையை நான் மதிக்கவில்லை. பால்மராவது தாம் நம்பியதை எழுதினார். நானோ நம்பாததையும் எழுதினேன். அவருக்குக் கற்றுத்தர ஆள் இல்லை. எனக்கு ஆய்வுக்கூடமும் ஆசிரியர்களும் இருந்தும் இந்த நிலை!

அன்பு நண்பர்களே! நம்முள் சிலர் முதுகலைக்கும், ஒருசிலர் முனைவர் பட்டத்திற்கும், அதற்கப்பாலும் செல்வோம். டாக்டர் என்ற சொல் பெயருக்கு முன்னால் ஏறும் நாளில் படிப்பு முடிந்தது என்று எண்ணிவிடலாகாது. பால்மருக்கும் அச்சொல் கிடைத்தது. அவருடைய மாணவருக்கும் கிடைத்தது. நான் தவறியிருக்கக்கூடும் என்று சொல்லி, அதைச் சோதிக்கும் வழியையும் வகுத்துக்கொள்ளும் பயிற்சி அவர்களுக்குப் பின்வந்த தலைமுறைக்குத்தான் வாய்த்தது.

அந்தப் பயிற்சியை நாம் முனைவர் பட்டத்திற்குப் பின்தான் தொடங்கவேண்டும் என்பதில்லை. நான் அந்தத் தவளைச் சோதனையை ஆசிரியரிடம் உண்மையைச் சொல்லி மறுபடி செய்தேன். எண்கள் இம்முறையும் கோணலாகவே வந்தன. அவற்றை அப்படியே எழுதி, பக்கத்தில் நாளும் நேரமும் குறித்து, கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.